மணியாச்சிச் சந்திப்பு: பருத்திக்காகப் பிரிந்த பாதை

ஊரின் பெருமையால் சந்திப்பு நிலையமாக உயர்ந்த இடங்கள் தமிழகத்தில் பல உண்டு. தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள மணியாச்சியோ, இரண்டு பாதைகள் பிரிவதற்கு வாய்ப்பான இடத்தில் அமைந்த ஒரே காரணத்தால் பெயர் பெற்ற சிற்றூர் ஆகும். அங்கிருந்து கிழக்கே தூத்துக்குடியும் தெற்கே திருநெல்வேலியும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. இவ்விரண்டில் எது முதன்மைப் பாதை, எது கிளைப் பாதை என்ற வினாவுக்குக் காலம் ஒருமுறை தன் விடையை மாற்றிக்கொண்டது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு வந்துகொண்டிருந்த பருத்தி தடைப்பட்டபோது, இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தியும் வண்டி மாடுகளின் முதுகை நம்பித் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அத்துறையில் கடல் ஆழம் குறைவாதலால் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டு நிற்க, பொதிகளைத் தோணிகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. இத்தனை இடர்கள் இருந்தும் வணிகம் பெருகியதால், 1874-ல் இரு கம்பெனிகள் இணைந்து உருவான தென்னிந்திய ரயில்வே, மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர் பாதையை, அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட பாதையை அமைத்து 1876-ல் திறந்தது. அன்றைய மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிடைத்ததோ மணியாச்சியிலிருந்து பிரிந்த கிளை மட்டுமே. ஆட்சி நடந்த ஊரைக் காட்டிலும் சரக்கு ஏற்றிய ஊருக்கே கம்பெனி முதலிடம் தந்தது என்பதைச் சந்திப்பின் அமைப்பே வெளிப்படையாகக் காட்டுகிறது.

சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்து கப்பலேறிக் கொழும்பு செல்லும் பயணிகளையும் தபாலையும் சுமந்த வண்டி 'போட் மெயில்' என வழங்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் பலருக்கும் தூத்துக்குடியே கப்பலேறும் துறையாக இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே செல்வோர் கிளை வண்டியில் மணியாச்சி வரை வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் மெயிலுக்காகக் காத்திருந்தனர். ஒரு சந்திப்பின் அன்றாட இயக்கம் முழுவதும் இந்தக் காத்திருப்பை ஒட்டியே வகுக்கப்படுகிறது: ஒரு வண்டி முன்னதாக வந்து நிற்க, மற்றது சில நிமிடங்கள் கழித்து வந்து சேரும்படி கால அட்டவணை தயாராகும்.

1911 ஜூன் 17 அன்று அந்த இடைவெளி பத்து நிமிடமாக இருந்தது. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியுடன் கொடைக்கானல் செல்லும் வழியில், காலை 10.38-க்கு மணியாச்சிக்கு வந்து, 10.48-க்கு வரவேண்டிய போட் மெயிலை எதிர்பார்த்து முதல் வகுப்புப் பெட்டியிலேயே அமர்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டுவிட்டு, நிலையக் கழிப்பறைக்குள் புகுந்து தன் வாயில் சுட்டுக்கொண்டு உயிர்விட்டார். வ.உ.சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற சினம் இதன் பின்னணியில் இருந்தது. அந்தக் கம்பெனி போட்டியிட்டது தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழியில்; வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் மணியாச்சியை உள்ளடக்கிய வட்டத்தின் தலைமை ஊரே. இந்நிலையம் பின்னாளில் 'வாஞ்சி மணியாச்சி' எனப் பெயர் பெற்றது பொருத்தமானதே; ஆனால் அதே நடைமேடையைக் கடந்து கடல் தாண்டிப்போன ஏழைத் தொழிலாளர்களின் வரலாறும் அதற்கு இணையான நினைவுக்கு உரியது.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு போட் மெயில் தனுஷ்கோடி வழிக்கு மாறியதும் தூத்துக்குடிப் பாதையின் மதிப்புக் குறையத் தொடங்கியது. மறுபுறம், திருநெல்வேலிக் கிளை 1904-க்குள் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துடன் இணைந்துவிட்டது. 1981-ல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு அகலப்பாதை வந்தது. 1990களில் மணியாச்சிப் பாதைகளும் அகலமாக்கப்பட்டபோது, சென்னையையும் குமரி முனையையும் இணைக்கும் பெருவழியாக அக்கிளை உயர்ந்து, பழைய முதன்மைப் பாதை கிளைபோல் ஆனது.

இந்த மாற்றம் பயணிகளுக்குப் புலப்பட்டது 'லிங்க்' வண்டிகளின் வழியே. தொலைதூர விரைவு வண்டியில் தூத்துக்குடிக்குரிய சில பெட்டிகளும் கோத்துவிடப்பட்டு, மணியாச்சியில் கழற்றப்பட்டன. திரும்பும்போது அங்கேயே மீண்டும் கோக்கப்பட்டன. பெட்டிகளைத் தள்ளியும் இழுத்தும் சேர்க்கும் இவ்வேலைக்கு ஷண்டிங் என்று பெயர். இரு பெட்டிகளின் கொக்கிகள் மாட்டப்பட்டு, பிரேக்குக்கான காற்றுக் குழாய்கள் இணைக்கப்பட்டு, கடைசிப் பெட்டி வரை அழுத்தம் சென்று சேர்ந்ததா என்று சோதித்த பிறகே கார்டு கொடி காட்டுவார். சென்னை–குருவாயூர் விரைவு வண்டியுடன் இவ்வாறு சென்ற தூத்துக்குடிப் பெட்டிகள் இப்போது இல்லை; அதனால் பகல் நேரத்தில் சென்னைக்கு நேரடியாகச் செல்லும் வசதியைத் துறைமுக நகரம் இழந்தது ஒரு குறையே. பாதைகள் மதுரைப் பக்கத்திலிருந்து கவைபோல் பிரிவதால், திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் பயணிகள் வண்டியும் மணியாச்சிக்கு வந்து, எஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்ட பின்னரே பயணத்தைத் தொடர வேண்டியுள்ளது.