மூவண்ணம் – 11: ராட்டை எங்கே போனது?

மவுண்ட்பேட்டன் அனுப்பிய கொடிப் படம் நேருவின் கைக்கு வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

காங்கிரஸின் அதே மூவண்ணக் கொடி. ஆனால் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் சிறியதாக ஒரு யூனியன் ஜாக்! ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அப்படித்தானே வைத்திருக்கின்றன, டொமினியனாகப் போகிற இந்தியாவும் வைத்துக்கொண்டால் என்ன என்பது வைஸ்ராயின் எண்ணம். கொடிகள், பட்டங்கள், விருதுச் சின்னங்கள் என்றால் மவுண்ட்பேட்டனுக்குத் தனி ஆசை உண்டு. பாகிஸ்தானுக்கும் சேர்த்தே ஒரு படம் போட்டு வைத்திருந்தார். பிறைக்குப் பக்கத்தில் சிலுவைகள் கொண்ட கொடியை எங்கள் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஜின்னா மறுத்துவிட்டார்.

நேருவும் மறுத்தார். வெள்ளைக்காரனுக்கு வளைந்து கொடுக்கிறீர்கள் என்ற பேச்சு காங்கிரஸுக்குள்ளேயே கிளம்பியிருந்த நேரம் அது. தடியடி பட்டு, சிறைக்குப் போய், திருப்பூர்க் குமரனைப் போல் உயிரையும் கொடுத்துக் காப்பாற்றிய கொடியின் மூலையில், அடித்தவர்களின் கொடியைத் தைத்துக்கொண்டு எப்படி ஊருக்குள் போவது?

இதில் வியப்பான விஷயம் ஒன்று. யூனியன் ஜாக் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்ட ஒருவரும் இருந்தார். நமக்குத் தீங்கு செய்தது ஆங்கிலேயர்தானே, அவர்களுடைய கொடி என்ன செய்தது என்று ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் வெளிப்படையாகவே கேட்டார். அவர் காந்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் கொடிக்கே இடம் தரத் தயங்காத அதே மனிதர், சில வாரங்களில் வேறொரு காரணத்துக்காக நம் கொடியையே எதிர்த்து நிற்கப் போகிறார்.

1947 ஜூன் 23. கொடியைத் தீர்மானிக்க அரசியல் நிர்ணய சபை ஒரு தனிக் குழுவை அமைத்தது. தலைவர் ராஜேந்திர பிரசாத். உறுப்பினர்கள் அபுல் கலாம் ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, கே.எம்.முன்ஷி, அம்பேத்கர். ஆட்சி மாற ஆகஸ்ட் 15 என்று நாள் குறித்தாயிற்று. இரண்டு மாதம்கூட இல்லை.

வண்ணங்களைப் பற்றிப் பெரிய சண்டை எழவில்லை. அந்தச் சண்டையெல்லாம் 1931-லேயே நடந்து முடிந்திருந்தது. பட்டாபி சீதாராமய்யாவை அமைப்பாளராகக் கொண்ட எழுவர் குழு, கொடி முழுவதையும் ஒரே காவி நிறமாக்கிவிடலாம் என்று பரிந்துரைத்ததையும், பம்பாயில் கூடிய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்காமல் காவி, வெள்ளை, பச்சை என்று முடிவு செய்ததையும் முன்பே பார்த்திருக்கிறோம். எந்த நிறமும் எந்த மதத்துக்கும் உரியதல்ல என்று அப்போதே அழுத்திச் சொல்லியாயிற்று. நடுவில் கருநீலத்தில் ராட்டை. பதினாறு ஆண்டுகளாக நாடு அந்தக் கொடியைத்தான் ஏந்திக்கொண்டிருந்தது.

இப்போது சிக்கல் ராட்டையில் வந்து நின்றது.

அந்தக் கொடியைக் கற்பனை செய்து பாருங்கள். வெள்ளைப் பட்டையின் நடுவில் நூற்கும் ராட்டை. ஒரு பக்கம் பெரிய சக்கரம், மறுபக்கம் கதிர், இரண்டையும் இணைக்கும் நூல். முன்பக்கமிருந்து பார்க்கிறவருக்குச் சக்கரம் இடப்புறம் தெரிந்தால், பின்பக்கமிருந்து பார்க்கிறவருக்கு அது வலப்புறம் போய்விடும். ஊர்வலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் கப்பலிலும் தூதரகத்திலும் பறக்கப்போகிற ஒரு நாட்டின் கொடி இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பது வழக்கம். நேரு பின்னால் சபையில் சொன்ன விளக்கம் இதுதான்.

இது மட்டுமே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராட்டைக் கொடி காங்கிரஸின் கொடி. முஸ்லிம் லீக் உறுப்பினர்களும் காங்கிரஸில் சேராத மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும் சபை, ஒரு கட்சியின் கொடியை அப்படியே தேசத்தின் கொடியாக எடுத்துக்கொள்ள முடியுமா? ஏதோ ஒரு மாற்றம் தேவைப்பட்டது. அந்த மாற்றத்துக்கு ராட்டையின் வடிவம் வழிவிட்டது.

இந்தக் குழுவில் இருந்த ராஜாஜியின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, கிராமத்துப் பெண்களிடம் நூல் வாங்கிக் கதர் நெய்ய வைத்தவர். காந்தியின் மகன் தேவதாஸுக்குத் தன் மகள் லட்சுமியைக் கொடுத்த சம்பந்தி. ராட்டை அவருக்குக் கட்சிச் சின்னம் மட்டுமா? ஏழை வீட்டின் அடுப்பு எரியக் காரணமாக இருந்ததைக் கண்ணால் கண்டவர் ஆயிற்றே. அவரும் உட்கார்ந்துதான் அந்த முடிவு எடுக்கப்பட்டது.

முடிவு இது: ராட்டை முழுவதும் வேண்டாம். அதன் சக்கரம் மட்டும் இருக்கட்டும்.

எந்தச் சக்கரம்? அதற்கு விடை காசிக்குப் பக்கத்தில் சாரநாத்தில் காத்திருந்தது. 1904-05-ல் ஓர்ட்டல் என்ற பொறியாளர் அங்கே மண்ணைத் தோண்டியபோது அசோகரின் தூண் உடைந்த நிலையில் கிடைத்தது. அதன் உச்சியில் இருந்த சிங்க முகடு, சுமார் ஏழு அடி உயரம், இன்றும் சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அவற்றின் காலடியில் வட்டமான ஒரு பீடம். அதைச் சுற்றி யானை, குதிரை, காளை, சிங்கம் நான்கும் நடை போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் 24 ஆரங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் கல்லின் மெருகு மங்கவில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும் சக்கரம்!

ஜூலை 22. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. தலைமை இருக்கையில் ராஜேந்திர பிரசாத். நேரு எழுந்தார். கையில் இரண்டு கொடிகள். ஒன்று கதர்ப் பட்டு, மற்றொன்று பருத்திக் கதர். தீர்மானத்தைப் படித்தார். அடர்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை சம அளவில். வெள்ளைப் பட்டையின் நடுவில் ராட்டையைக் குறிக்கும் வகையில் கருநீலச் சக்கரம். அதன் வடிவம் சாரநாத் முகட்டுப் பீடத்தில் உள்ள சக்கரத்தைப் போன்றது. அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 2:3.

ஒரு தொடரைக் கவனித்தீர்களா? 'ராட்டையைக் குறிக்கும் வகையில்.' வடிவம் மட்டும்தான் அசோகருடையது, பொருள் ராட்டை. நாட்டின் கொடியை நிறுவிய தீர்மானமே அப்படித்தான் சொல்கிறது. இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் அசோகச் சக்கரம், 24 ஆரங்கள் என்று மணி மணியாகச் சொல்வார்கள். ராட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நூற்றுச் சிவந்த விரல்களுக்கு அந்தத் தீர்மானம் தந்த மரியாதையை நாம் பாடப் புத்தகத்தில் தொலைத்துவிட்டோம்.

சபையில் திருத்தங்கள் வந்தன. சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார் எச்.வி.காமத். கொடியை நேரில் பார்த்தபின் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். முஸ்லிம் லீக்கின் சௌத்ரி கலீகுஸ்ஸமான் எழுந்து கொடியை ஆதரித்துப் பேசினார். சில மாதங்களில் அவரே பாகிஸ்தானுக்குப் போய்விட்டார் என்பதை அறிந்து அந்தப் பேச்சைப் படிக்கும்போது நெஞ்சை என்னவோ செய்கிறது. ஆதிவாசிகளுக்காக ஜெய்பால் சிங், ஆங்கிலோ இந்தியர்களுக்காக ஃபிராங்க் அந்தோணி, சென்னை மாகாணத்திலிருந்து வி.ஐ.முனுசாமிப் பிள்ளை, லயோலா கல்லூரி முதல்வர் பாதிரியார் ஜெரோம் டிசூசா என்று வரிசையாகப் பேசினார்கள். கடைசியில் சரோஜினி நாயுடு. உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று டெல்லி நினைத்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் காந்தி வாய் திறந்தார். ராட்டை இல்லாத கொடி எத்தனை அழகாக இருந்தாலும் அதற்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்றார்! யூனியன் ஜாக்கைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவரால் இதைப் பொறுக்க முடியவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 1921-ல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா கொண்டுவந்த கொடியில் வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் அவர். ராட்டை வேண்டும் என்ற யோசனையைத் தூக்கிப் பிடித்தவரும் அவர். குடிசையில் உட்கார்ந்து நூற்கும் ஏழைக்குக் கொடியில் தெரிந்த முகம் அது ஒன்றுதான். தீர்மானத்தில் 'ராட்டையைக் குறிக்கும்' என்று எழுதியிருக்கலாம். கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற எழுத்தறியாப் பெண்ணுக்குத் தீர்மானம் தெரியுமா?

நேருவுக்கும் படேலுக்கும் தர்மசங்கடம். கொடியை மாற்ற முடியாது. தேசத்தின் தந்தை வணங்காத கொடியை எந்த முகத்தோடு ஏற்றுவது?

ஆனால் காந்தி டெல்லியில் வாதாட நிற்கவில்லை. நவகாளிக்குப் போகக் கிளம்பி ஆகஸ்ட் 9-ல் கல்கத்தா வந்தார். ஓராண்டுக்கு முன் அந்த நகரத்துத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்திருந்தது, ஆறாத பகை மறுபடி வெடிக்கும் நிலை. நீங்கள் இங்கே இருந்து எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று முஸ்லிம்கள் வந்து மன்றாடினார்கள். காந்தி ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் படுகொலை நடந்தபோது வங்காளத்தின் பிரதமராக இருந்தவர், பெயரைக் கேட்டாலே இந்துக்கள் கொதித்த சுஹ்ரவர்தி, தன்னோடு ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டும்.

சுஹ்ரவர்தி சம்மதித்தார்.

ஆகஸ்ட் 13, பேலியாகட்டா. ஹைதரி மன்சில் என்ற பாழடைந்த வீட்டுக்குள் காந்தி நுழைந்தார். டெல்லியில் புதிய கொடி ஏற இன்னும் இரண்டே நாள். வாசலில் இளைஞர் கூட்டம் திரண்டுவிட்டது. அத்தனை பேரும் இந்துக்கள். "இங்கே ஏன் வந்தீர்கள்? திரும்பிப் போங்கள்!" என்று கூச்சல். கற்கள் பறந்து வந்தன. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி அறைக்குள் சிதறின. சிலர் ஜன்னல் வழியாகவே உள்ளே ஏறத் தொடங்கினார்கள்.

உள்ளே இருந்தவருக்கு வயது 77.

(தொடரும்)