தஞ்சை ஆயுதசாலையின் பரங்கி வாள்கள்

ஜப்பானிய வாளின் மெய்மையை அறிய விழைபவர் முதலில் பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றுவார். பிடி உருவி வந்ததும், உள்ளே மறைந்திருந்த காம்பில் கொல்லனின் பெயர் தெரியும். பெயர் இல்லாவிடினும் துருவின் நிறம் வயதைச் சொல்லும். இரண்டாம் உலகப் போருக்காகத் திரளாகச் செய்த ராணுவ வாள்களையும் பழைய குலவாள்களையும் பிரித்தறிவது பெரும்பாலும் இவ்வாறே. நம் தஞ்சாவூர் ஆயுதங்கள் இத்தனை எளிதில் வாய் திறப்பதில்லை.

மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டனர். அரண்மனையில் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த ஆயுதங்களில் ஒரு பகுதி 1860களில் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மிச்சம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போனது. நீதிபதி வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவெரி’ இதழில் எழுதி வைத்ததனால் இந்தச் சேதி நமக்கு எஞ்சியிருக்கிறது.

எஞ்சியவற்றில் கைகாப்பும் யாளிமுகமும் கொண்ட கட்டாரிகளைக் கண்டதும் தென்னாட்டுக் கைவேலை என்று சொல்லிவிடலாம். அலகுதான் சிக்கல். உருக்கு எஃகுக்குப் பெயர்பெற்ற நாட்டில், பல கட்டாரிகளில் ஐரோப்பிய வாளின் துண்டே பொருத்தப்பட்டிருக்கிறது! பிடியிலிருந்து நீளும் தகடுகளுக்கிடையே அலகைச் செருகி ஆணி அறைந்திருந்தால், அது வேறொரு வாளிலிருந்து வந்ததோ என்று ஐயுறலாம். 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர், 1658க்குப் பின் டச்சுக்காரர். இரும்பு வந்திறங்கத் துறைகளுக்குக் குறைவில்லை.

அலகில் முத்திரை இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? ஆந்திரேயா ஃபெராரா 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லுனோவில் வாழ்ந்த கொல்லர். அவருடைய பெயரை ஜெர்மனியின் ஸோலிங்கன் பட்டறைகள் கூச்சமின்றிப் பொறித்துத் தள்ளின. ஜெனோவாவோடு தொடர்புபடுத்தப்படும் பல் வைத்த இரட்டைப் பிறை முத்திரையோ (நம் கதிரரிவாளின் கருக்கை நினைத்துக்கொள்ளுங்கள்) இந்தியக் கொல்லர்களாலேயே நகலெடுக்கப்பட்டது. ஆக, முத்திரை சொல்வது வாங்கியவன் எதை விரும்பினான் என்பதை. செய்தவன் யார் என்பதை அன்று.

இன்று ஏலக்கூடங்களில் ‘தஞ்சாவூர்’ என்ற சொல் விலையை ஏற்றுகிறது. யாளி முகம் இருந்தாலே போதும், அரண்மனைப் பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். பாணி வேறு, கைமாறிய வரலாறு வேறு. பின்னதற்கு ஏடு வேண்டும். இல்லையேல் எழும்பூரில் உள்ள துண்டுகளோடு ஆணி, தகடு, செதுக்கு என ஒவ்வொன்றாய் ஒப்பிட வேண்டும்.