மின்சாரக் கார்: டெங்கில் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பெட்ரோல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறலாமா என்ற பேச்சு வந்தால், விலை என்ன, ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரவில் அந்தக் காரை எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. டெங்கிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

டெங்கில் வட்டாரத்துக்கும் கார்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921-இல் இங்கே ரப்பர் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் போரின் நினைவாகவே அதற்கு 'பிராங் புசார்', அதாவது பெரும்போர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே உருவான பி.பி. 86 போன்ற ரப்பர் மர ரகங்கள் வெளிநாடுகளிலும் நடப்பட்டன. பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ரப்பர் எங்கே போனது? பெரும்பகுதி டயருக்குத்தான். ஊர் உலகத்தில் பெட்ரோல் கார் பெருகப் பெருக, தோட்டமும் பெருகியது. அந்த டயருக்குப் பால் எடுத்தவர்களின் லயங்களில் எத்தனை கார் நின்றது என்பது வேறு கதை.

மின்சாரக் கார் ஏதோ நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்களும் உண்டு. 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' காரைத்தான் ஓட்டினார்! பிறகு ஏன் தோற்றது? 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி விலையைக் குறைத்தது. 1912-இல் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டர், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையை ஒழித்தது. ஆனால் அடிப்படைக் காரணம் இன்னொன்று. பெட்ரோலை டின்னில் அடைத்து எந்தப் பட்டிக்காட்டுக்கும் கொண்டுபோக முடிந்தது. மின்கம்பியோ பட்டண எல்லையோடு நின்றுவிட்டது. நம் தோட்டப்புறங்களை நினைத்துப் பார்த்தாலே இது விளங்கும். அன்று பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால்தான் லயத்தில் விளக்கு எரிந்தது.

பொதுப் போக்குவரத்தில் மட்டும் மின்சாரம் அன்றே வெற்றி பெற்றது. பினாங்கில் மின்சார டிராமும், அதன்பின் 1961 வரை டிராலி பஸ்ஸும் ஓடின. சொந்தக் காரில்தான் இழுபறி. அதே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் பெயரைத் தாங்கிய புதிய நிறுவனத்துடன் புரோட்டோன் 2009-இல் ஒப்பந்தம் செய்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது, கார் வரவில்லை. புரோட்டோனின் முதல் மின்சாரக் கார் இ.மாஸ் 7 விற்பனைக்கு வர 2024 டிசம்பர் ஆகிவிட்டது.

இதற்கிடையில் டெங்கில் அடியோடு மாறியது. 1990-களில் பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா நிர்வாகத் தலைநகருக்காக எடுக்கப்பட்டது. சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறின. டெங்கில் முக்கிமிலேயே எழுந்த சைபர்ஜெயாவில், 2023-இல் டெஸ்லா தன் மலேசியத் தலைமை அலுவலகத்தை அமைத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். சிக்கனமான சிறிய பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி திட்டத்தின்படி ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஆக, 12 வெள்ளி. மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்குச் சுமார் 15 யூனிட் வேண்டும். 2025 ஜூலையில் மாற்றப்பட்ட வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 45 காசு. வீட்டில் சார்ஜ் செய்தால் 7 வெள்ளிகூட ஆகாது. மிச்சம்தான், சந்தேகமில்லை.

ஆனால் விரைவு சார்ஜ் நிலையங்களில் ஒரு யூனிட் 1 வெள்ளி 20 காசுக்கும் மேலே போகிறது. அப்படியானால் 18 வெள்ளி! தன் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறவருக்கு மின்சாரம் பெட்ரோலைவிட மலிவு. நாலாவது மாடியில் இருந்துகொண்டு பொதுக் கார் நிறுத்துமிடத்தில் இடம் தேடுகிறவருக்கோ பெட்ரோலைவிடக் கூடுதல். மேலிருந்து வயரைத் தொங்கவிடவா முடியும்? நாடு முழுவதும் 2025-க்குள் 10,000 சார்ஜ் முனைகள் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. 2024 இறுதியில் அதில் பாதிகூட எட்டப்படவில்லை. அடுக்குமாடிகளின் கூட்டு நிர்வாகங்கள் பொதுவான சார்ஜ் வசதி செய்யலாம் என்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பதே பாடாக இருக்கும் இடங்களில் அந்த முதலீட்டை யார் போடுவது?

மோட்டார் சைக்கிள் விஷயம் சற்று எளிது. பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போகக்கூடிய மின்சார மோட்டார் சைக்கிள்கள் வந்துவிட்டன. ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு 2,400 வெள்ளி கழிவு தரும் திட்டத்தை அரசாங்கம் 2024-இல் தொடங்கியது. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வரும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கார் என்று வந்தால் மறுபடியும் வாசல்தான். தாமான் பெர்மாத்தா குடும்பங்கள் சுவர் விரிசல்களைக் காட்டி, வாக்களிக்கப்பட்ட தரைவீடுகளைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தன. அந்தக் கோரிக்கை எழுந்த காலத்தில் மின்சாரக் காரைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை. சொந்த வாசல், சொந்த மீட்டர் என்ற அந்தப் பழைய கோரிக்கைக்குள் இப்போது காரின் கணக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.