பதுளைப் பாதையிற் சரக்கு வண்டிகள்

பசறைக்குப் புகையிரதப் பாதை இல்லை. ஆயினும் அதன் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றிற் பதுளை நிலையத்துக்குத் தனியிடம் உண்டு. 1894 இல் பண்டாரவளையை எட்டிய இருப்புப்பாதை, முப்பது ஆண்டுகள் கழித்து 1924 இலேயே பதுளையை அடைந்தது.

பதுளை ஏறத்தாழ 650 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஏற்றிய தேயிலை கொழும்புக்கு இறங்குமுன், ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவுக்கு ஏறியாக வேண்டும். பாரம் மிகுந்த நீராவி வண்டி அவ்வேற்றத்தில் மெல்ல ஊர்ந்தது. நிழற்படம் எடுப்போருக்கு அதுவே வாய்ப்பாயிற்று.

தெமோதரையிற் பாதை வளைந்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துட் புகுகின்றது. அதனையும், எல்லவுக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் நாடி வருவோர் பலர். அவர்கள் பெரிதும் விரும்பிப் படம்பிடிப்பது பயணிகள் வண்டியையே. சரக்கு வண்டியில் அத்தகைய அழகில்லை. ஆனால், அதன் மூடிய கதவுகளுக்குள்ளேதான் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு சென்றது. இன்று தேயிலை பெரும்பாலும் லொறிகளிற் செல்வதால், அப்பழைய படங்களின் மதிப்பு கூடியுள்ளது.

எனினும், நேயர்களே, படம் தானாகப் பேசாது. எவ்விடம், எவ்வாண்டு, என்ன சரக்கு என்னும் மூன்றும் அதன் பின்புறத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஏடுகளிற் பெயர் பெறாத தொழிலாளருக்கு அத்தகைய படமும் ஓர் ஏடாகும்.