ஓலாந்துத் தீவுகள்: படகுத் துறைகள் சொல்லும் வரலாறு



பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெரியில் போனவர்களுக்குத் தெரியும். ஏறிக் கொஞ்சம் காற்று வாங்குவதற்குள் அக்கரை வந்துவிடும். இன்று நாம் போகவிருக்கும் ஃபெரிப் பயணம் அவ்வளவு விரைவானதன்று. ஒரு தீவில் இறங்கி, அடுத்த படகுக்குக் காத்திருந்து, இன்னொரு தீவுக்குப் போகும் பயணம் அது. இடம் வட ஐரோப்பா. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கின்றன ஓலாந்துத் தீவுகள். தீவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு; மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ 60தான். மொத்த மக்கள்தொகை சுமார் 30,000. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகையால் கோடையில் பயணிகள் சைக்கிளோடு படகேறி, அவசரமில்லாமல் தீவு தீவாகச் செல்கிறார்கள். நாமும் செல்வோம்.

சுவீடன் கரையிலுள்ள கிரிஸ்லேஹாம் துறையில் ஏறினால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எக்கரோ என்னும் தீவை அடைகிறோம். இதே கடலை ஒரு காலத்தில் கைத்துடுப்பால் கடந்தார்கள். 1638-ஆம் ஆண்டில் சுவீடன் அரசு, ஸ்டாக்ஹோம் நகரையும் பின்லாந்தின் டுர்க்கு நகரையும் இணைக்கும் தபால் வழியை அமைத்தது. அன்று பின்லாந்தும் ஓலாந்தும் சுவீடனின் ஆட்சியில் இருந்தன. தபாலைச் சுமந்தவர்கள் வழியோரத்து விவசாயிகள். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும்; அப்போது பனிக்கட்டியின்மேல் படகை இழுத்துச் சென்றார்கள். பனி உடைந்தும் படகு கவிழ்ந்தும் மாண்டவர்கள் பலர். பட்டாளத்தில் சேரவேண்டாம் என்ற விலக்கு அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறுகளில் ஒன்று. இந்தக் கடமை 1910 வரை நீடித்தது.

எக்கரோவில் இறங்கியதும் ஒரு பெரிய தபால் மாளிகை கண்ணில் படும். குக்கிராமத்தில் மாளிகை எதற்கு? 1809-இல் போரில் தோற்ற சுவீடன், பின்லாந்தையும் ஓலாந்தையும் ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. கடலுக்கு அப்பாலிருந்து வருவோருக்குத் தன் பெருமையைக் காட்டவே ரஷ்யப் பேரரசு 1828-இல் இதனைக் கட்டி முடித்தது.

அங்கிருந்து சாலை வழியே கிழக்கே சென்றால் பூமர்சுந்து கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். 1832-இல் ரஷ்யா கட்டத் தொடங்கிய கோட்டை இது. கட்டுமானம் முடியுமுன்னரே, 1854 ஆகஸ்டில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இதனைத் தாக்கித் தகர்த்தன. 1856-இல் பாரிசில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டபோது, ஓலாந்தில் இனிக் கோட்டை கட்டலாகாது, படை நிறுத்தலாகாது என முடிவாயிற்று. இடிந்த கோட்டையின் செங்கற்கள் ஹெல்சிங்கிக்குக் கப்பலேறி, அங்கே ஒரு தேவாலயத்தின் சுவர்களாயின.

அடுத்து, தலைநகரான மரியாஹாம். 1861-இல் தோன்றிய இந்த ஊருக்கு ரஷ்யப் பேரரசியின் பெயரை வைத்தார்கள். ஆட்சி மாறினாலும் மக்களின் பேச்சு மாறவில்லை. அவர்கள் பேசியது சுவீடிஷ் மொழியே. 1917-இல் ரஷ்யப் பேரரசு சரிந்து, டிசம்பரில் பின்லாந்து விடுதலை பெற்றது. பின்னிஷ் மொழி பேசும் பெரும்பான்மைக்குள் தங்கள் மொழி கரைந்துவிடுமோ என்று தீவு மக்கள் அஞ்சினார்கள். சுவீடனோடு சேரவேண்டும் என்று மனு எழுதினார்கள். அதில் 7,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1920-இல் பின்லாந்து ஒரு தன்னாட்சிச் சட்டத்தை இயற்றியது. தீவினர் அதை ஏற்கவில்லை. தலைவர்களான யூலியஸ் சுந்துப்லூம், கார்ல் பியோர்க்மன் இருவரும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்கள்.

வழக்கு உலக நாடுகளின் சங்கத்துக்குச் சென்றது. 1921 ஜூன் 24-இல் தீர்ப்பு வந்தது: ஓலாந்து பின்லாந்துக்கே உரியது, ஆனால் தீவு மக்களின் மொழியையும் நிலத்தையும் பண்பாட்டையும் பின்லாந்து காக்கவேண்டும். அந்த மக்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆயினும் எதற்காகக் கேட்டார்களோ அது கிடைத்தது. கிடைத்ததைக் கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜூன் 9-இல் ஓலாந்து நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. சிறை சென்ற சுந்துப்லூம் அதன் முதல் சபாநாயகர். பியோர்க்மன் முதல் அரசுத் தலைவர்.

அந்த ஏற்பாடு நூறாண்டைக் கடந்தும் நிலைத்திருக்கிறது. அரசின் பொருளுதவி பெறும் பள்ளிகளில் பயிற்று மொழி சுவீடிஷ். வெளியார் நினைத்தவுடன் அங்கே நிலம் வாங்க இயலாது. ஐந்தாண்டு குடியிருந்து, பின்லாந்துக் குடியுரிமையும் சுவீடிஷ் மொழி அறிவும் பெற்றவர்களே அவ்வுரிமையைக் கோரலாம். 1954 முதல் தனிக்கொடியும் 1984 முதல் தனித் தபால் தலையும் உண்டு. தபால் சுமந்து மாண்டவர்களின் மண்ணில், தங்கள் பெயர் தாங்கிய தபால் தலை!

கடைசியாக, லோங்னேஸ் துறையில் படகேறிச் சொட்டுங்கா தீவுக்குப் போவோம். பின்லாந்து நாட்டிலேயே மிகச் சிறிய நகராட்சி இது. குடியிருப்போர் ஏறத்தாழ நூறு பேர். அந்த நூறு பேருக்காகவும் ஃபெரி வருகிறது. அவர்களுக்கென்று ஒரு மன்றமும் இருக்கிறது.

நேயர்களே, ஒரு மொழி நிலைப்பதற்குப் பேசுவோரின் தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டில் பேசவேண்டும், பள்ளியில் படிக்கவேண்டும், உரிமையைச் சட்டத்தில் எழுதி வாங்கவேண்டும். இம்மூன்றையும் விடாமல் செய்தார்கள் ஓலாந்து மக்கள். வாய்ப்புள்ள பெற்றோர் இன்றிரவு உலகப்படத்தை விரித்து, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ள அந்தச் சிறு புள்ளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.