சோனகர், மூர், தம்பி: பெயர்களின் பொருளும் தொனியும்

ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. மக்கள் வாயில் வழங்கும்போது அது ஏற்கும் தொனி இன்னொன்று. மாணவர்க்கு இதனை விளக்க நான் தூரத்து உதாரணங்களைத் தேடுவதில்லை. நம்மைக் குறித்து வழங்கிவரும் பெயர்களே போதுமானவை.

‘சோனகர்’ என்பது ‘யவனர்’ என்பதன் திரிபு. அயோனியக் கிரேக்கரைக் குறித்து எழுந்த சொல் அது. பாளியில் ‘யோன’ என வழங்கும். பிற்காலத்தில் மேற்குக் கடல்வழி வந்த அரபியரையும் அது சுட்டலாயிற்று. காலப்போக்கில் கிரேக்கர் மறைந்தனர். முஸ்லிம் என்ற பொருளே நிலைத்தது.

1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயர் நம் முன்னோரை ‘மூரோ’ என்றனர். மொரிட்டானியா எனப்பட்ட பண்டைய வடஆபிரிக்கப் பகுதி மக்களின் பெயர் அது. ஆயின், தமது தாயகத்தில் முஸ்லிம்களோடு பல நூற்றாண்டுகள் பொருதிய அவர்கள் நாவில் அது பகைவனின் பெயராகவே ஒலித்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனையே கைக்கொண்டனர்.

இங்குதான் வரலாறு திரும்புகிறது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாதிட்டார். அதனை மறுத்து, அரபு வழித்தோன்றலை வலியுறுத்தி ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. சட்டசபைப் பிரதிநிதித்துவம் பற்றிய வேட்கை நிலவிய காலம் அது. பகைவன் இட்ட பெயர் தனித்துவத்தின் அடையாளமாயிற்று. இன்றும் நம் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் ‘இலங்கைச் சோனகர்’ என்றே எழுதப்படுகிறது.

எதிர்த்திசையில் சென்ற சொல் ‘தம்பி’. நம் வீடுகளில் அன்பு ததும்பும் உறவுப்பெயர் அது. சிங்கள விகுதி பெற்றுத் ‘தம்பியா’ ஆனதும் அதில் இளக்காரம் ஏறிவிடுகிறது. கப்பலைக் குறிக்கும் ‘மரக்கலம்’ என்பதிலிருந்து பிறந்த ‘மரக்கலயா’வும் அவ்வாறே. ‘இளையவன்’ என்பதிலோ ‘கப்பற்காரன்’ என்பதிலோ இழிவு ஏதுமில்லை. ஆயினும் சந்தையில் அவ்வாறு அழைக்கப்பட்டவனிடம் அகராதியைக் காட்டி ஆறுதல் கூற முடியாது.

சொல்லுக்குத் தொனியைத் தருவது அதன் வேர் அல்ல; சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவே. நாம் பிறரைக் குறிக்க வழங்கும் பெயர்களையும் இந்தத் தராசில் இட்டுப் பார்ப்பது நம் கடன். நேர்பொருளில் குற்றமில்லை என்பது எவருக்கும் போதிய சமாதானமாகாது.