ஃபிரான்டெக்ஸ்: 29 நாடுகளுக்கு ஒரே எல்லை, கட்டளை யார் கையில்?

ஷெங்கன் விசாவில் பாரிஸ் போய் இறங்கிவிட்டால், அங்கிருந்து பெர்லின், ரோம் என்று எங்கே போனாலும் பொதுவாக பாஸ்போர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள். 29 நாடுகளுக்கும் வெளி எல்லை ஒன்றுதான். அப்படின்னா, கிரீஸ் தீவு ஒன்றில் காவல் தளர்ந்தால் அது ஜெர்மனிக்கும் தலைவலி. இதைச் சமாளிக்க 2004-ல் உருவாக்கப்பட்ட அமைப்புதான் ஃபிரான்டெக்ஸ். தலைமையகம் போலந்தின் வார்சாவில் இருக்கிறது.

தொடக்கத்தில் இது ஒரு சின்ன ஒருங்கிணைப்பு அலுவலகம். 2005-ல் பட்ஜெட் சுமார் 60 லட்சம் யூரோ. 2015 அகதிகள் நெருக்கடிக்குப் பிறகு எல்லாம் மாறியது. 2023 பட்ஜெட் சுமார் 84.5 கோடி யூரோ. 2027-க்குள் 10,000 பேர் கொண்ட நிரந்தரப் படை வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டு சட்டம். இவர்களுக்குச் சொந்த சீருடை உண்டு, ஆயுதமும் உண்டு. போலி ஆவணங்களைப் பிடிப்பது, கடத்தல் கும்பல்கள் பற்றிய தகவல் சேகரிப்பது, விமானம், ட்ரோன் மூலம் கடலைக் கண்காணிப்பது, தங்க அனுமதி இல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப உதவுவது எல்லாம் இவர்கள் வேலை.

எண்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 2015-ல் சட்டவிரோத எல்லைக் கடப்புகள் 18 லட்சம் என்றது ஃபிரான்டெக்ஸ். ஆனால் அந்த வருடம் கடல் வழியாக வந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர்தான். வித்தியாசம் எங்கே? கிரீஸில் ஒருமுறை எண்ணப்பட்டவரே ஹங்கேரி எல்லையில் மறுபடி எண்ணப்படுகிறார். கணக்கிடப்படுவது கடப்புகள், ஆட்கள் அல்ல. எண்ணிக்கை கூடினால் பட்ஜெட்டும் கூடும் ஓர் அமைப்பே எண்ணவும் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

நம்மூர் பி.எஸ்.எஃப் மாதிரி என்று நினைத்தால் தப்பு. பி.எஸ்.எஃப்-க்கு உத்தரவு போடுவது ஒரே அரசு. ஃபிரான்டெக்ஸ் வீரர்களோ எந்த நாட்டில் நிற்கிறார்களோ அந்த நாட்டின் உத்தரவுப்படிதான் நடக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். 2023 ஜூன் 13 அன்று, லிபியாவிலிருந்து வந்த 'அட்ரியானா' என்ற நெரிசலான படகை ஃபிரான்டெக்ஸ் விமானம் பார்த்துத் தகவல் கொடுத்தது. கூடுதல் விமானம் அனுப்பவா என்று கேட்டதற்கு கிரீஸிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் அதிகாலை படகு மூழ்கியது. சுமார் 750 பேர் இருந்ததாகக் கணிக்கப்படும் அந்தப் படகில் உயிர் தப்பியவர்கள் 104 பேர். மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்குத்தான்.

விதிமீறல் நடந்தால் விலகிக்கொள்ளும் உரிமை ஃபிரான்டெக்ஸுக்கு உண்டு. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2021 ஜனவரியில் ஹங்கேரியில் அப்படித்தான் பணியை நிறுத்தியது. ஆனால் விலகினால் அங்கே நடப்பதைப் பார்க்கவும் ஆள் இருக்காது. 2022-ல், ஐரோப்பிய மோசடித் தடுப்பு அமைப்பின் விசாரணைக்குப் பின் அப்போதைய தலைவர் ஃபப்ரிஸ் லெஜெரி ராஜினாமா செய்தார். அகதிகளைக் கடலிலேயே திருப்பி விரட்டிய சம்பவங்களை அமைப்பு எப்படிக் கையாண்டது என்பதும் அந்த விசாரணையில் இருந்தது.

இப்போது படையை 30,000 ஆக்க வேண்டும் என்கிறார் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன். அந்த 30,000 பேர் யார் உத்தரவுப்படி நடப்பார்கள் என்பதில்தான் உறுப்பு நாடுகள் விட்டுக்கொடுக்கத் தயங்குகின்றன.